லிஃப்ட் கதவுக்கு ஒரு சுத்தப் பிரதி

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் ஐயா. மேசையில் தாள் படபடத்தால் எனக்குப் பேச்சு ஓடாது. காலம் பூராவும் தாளோடு குடித்தனம் நடத்தியவனின் கோளாறு. நன்றி, இப்போது நிம்மதியாகப் பேசலாம்.

நானாகத்தான் வந்தேன், யாரும் கூப்பிடவில்லை. வெளியே பெஞ்சில் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். அவள் புருஷனை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். லிஃப்ட் பழுது என்று கதவில் எழுதி ஒட்டாமல் போய்விட்டான், அதனால்தான் எங்கள் அலுவலகத்துத் தம்பி நான்காம் மாடியிலிருந்து விழுந்து செத்தான் என்று வழக்கு. அது தவறு. மெக்கானிக் எழுதி ஒட்டினான், நான் எடுத்தேன். இதோ, அந்தத் தாள். தவறான தகவல் ஒன்று பதிவாகி நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தவிர, அந்தப் பெண்ணைப் பார்க்கவும் பாவமாக இருக்கிறது.

நான் ஒரு வார இதழில் பிழை திருத்துபவன். என்னைப் 'புள்ளி அண்ணன்' என்பார்கள். விட்டுப்போன புள்ளியை வைக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டான் என்று கேலி. கேலி என்னை ஒன்றும் செய்யாது. ஆனால் இன்று எல்லோரும் எழுதுகிற லட்சணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வக்கீல் நோட்டீஸில்கூட எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம் வாய்தா வாங்கிக்கொண்டு நிற்கின்றன. என் மனைவிக்குச் சோதனை எடுக்க மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தில், நோயாளியைக் காலையில் வெறும் வயிற்றில் 'கொன்று வரவும்' என்று இருந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இவங்க சொன்னபடியே செஞ்சு வச்சிடாதீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி எங்கள் இணையப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவன். நல்ல பையன் ஐயா, குறை சொல்லக் கூடாது. எனக்கு டீ வந்ததா என்று கேட்காமல் அவன் குடித்ததில்லை. ஆனால் அவன் கையில் எழுத்து பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. செய்தியைக் கைப்பேசியிலேயே தட்டுவான், திரும்பி ஒரு முறை படிக்காமல் ஏற்றிவிடுவான். நான் தவறைக் காட்டினால், "அண்ணே, புரியுதுல்ல? புரிஞ்சா போதும்ணே. நாம லேட் பண்ணா அடுத்தவன் போட்டுடுவான்" என்பான். ஆசிரியரும் அவன் பக்கம் சாய்ந்தார். கொஞ்ச நாளில் என்னிடம் வரும் பக்கங்கள் குறைந்தன. பிறகு என் மேசையே இடம் மாறி வெளியே நடையில், லிஃப்டுக்கு எதிரே வந்தது. "இங்க காத்தோட்டமா இருக்கும்ணே" என்று தம்பியே தூக்கி வந்து போட்டான்.

போன வருடம் என் மனைவி போய்விட்டாள். இதழில் நான்கு வரி இரங்கல் போட்டார்கள். எழுதியவன் தம்பி. துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று என்னிடம் காட்டாமலே அச்சுக்கு அனுப்பியிருக்கிறான். அவள் பெயர் தப்பாக வந்தது. ஊரார் பெயரையெல்லாம் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் திருத்தியவன் வீட்டுப் பெயர், ஐயா. பக்கத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. "ஐயோ, சாரிண்ணே. ஆனா யாருன்னு எல்லாருக்கும் புரிஞ்சுதுண்ணே. எத்தனை பேர் போன் பண்ணாங்க தெரியுமா?" என்று என் தோளைத் தொட்டான். எனக்கு வயிறெரிந்தது, மறைப்பானேன். ஆனால் அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

சம்பவத்துக்கு வருகிறேன். எங்கள் லிஃப்ட் பழையது, கையால் இழுத்துத் திறக்கும் கதவு. பெட்டி வந்து நின்றால்தான் அந்தந்த மாடிக் கதவு திறக்கும். உள்ளே விளக்கு கெட்டுப் பல நாளாகிறது, கட்டடக்காரர் மாற்றவில்லை. கதவைத் திறந்து இருட்டுக்குள் காலெடுத்து வைப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

அன்று மத்தியானம் மெக்கானிக் வந்து பார்த்தான். போகும்போது என்னிடம், "சார், இந்த மாடிக் கதவோட லாக் போயிடுச்சு. சும்மா இழுத்தாலே தொறந்துக்குது. பெட்டி கீழ நிக்குது. நான் போய் பார்ட்ஸ் வாங்கிட்டு வந்துடறேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்காம பாத்துக்குங்க" என்றான். சரி என்றேன். அவன் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் படியிறங்கினான்.

படித்துப் பாருங்கள். 'லிப்டு ரிப்பேறு கதவ தொறக்காதிங்க உள்ள பெட்டி இல்ல விழுந்துறுவிங்க.' நிறுத்தக்குறி என்று ஒன்று மருந்துக்கும் இல்லை. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் ஸ்பேனர் பிடிக்கிறவன், பேனா பிடிக்கிறவன் இல்லை. ஆனால் அது ஒரு பத்திரிகை அலுவலகத்தின் வாசல் ஐயா. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கதவைத்தான். தாளை எடுத்து வந்து, சுத்தப் பிரதி எழுத உட்கார்ந்தேன்.

அவசரப்பட்டு எழுதுவது எனக்கு வராது. பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். 'லிஃப்ட்' என்பதா, 'மின்தூக்கி' என்பதா என்று யோசித்தேன். 'விழுந்துவிடுவீர்கள்' என்பது மிரட்டுவதுபோல் இருந்தது. 'விழ நேரிடும்' என்று மாற்றினேன். நடுவில் கூரியர்காரர் வந்து கதவில் கை வைத்தார். "அய்யய்யோ, தொறக்காதீங்க, பெட்டி இல்ல" என்று எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்தேன். அவருக்கு வியர்த்துவிட்டது. அப்புறம் விளம்பரப் பிரிவு அம்மா வந்தார். "லிஃப்ட் ரிப்பேர்மா, படியில போங்க" என்றேன். "முட்டிவலியோட நாலு மாடியா, விளங்கின மாதிரிதான்" என்று அலுத்துக்கொண்டு இறங்கினார். ஆகவே எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது அது நடந்துவிட்டது, கவனிக்கவில்லை என்று அன்று உங்கள் காவலரிடம் சொல்லியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும். சுத்தப் பிரதி முடிந்திருந்தது. மையும் காய்ந்திருந்தது. பசைப் புட்டியும் திறந்தே இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு.

அப்போதுதான் தம்பி வெளியே வந்தான். காதில் கைப்பேசி. யாரிடமோ, "போட்டாச்சு, போட்டாச்சு, நீங்க பாக்கலயா?" என்று சிரித்தபடியே நடந்து வந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தான். பிடித்தவன் நின்றான். கைப்பேசியைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி என் பக்கம் திரும்பினான். "அண்ணே, லிஃப்ட் ரிப்பேர்னு விளம்பரத்து அக்கா போன்ல சொன்னாங்களே. சரியாயிடுச்சா?"

அவன் சந்தேகப்பட்டுத்தான் கேட்டான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் பதிலுக்காகக் காத்தும் நின்றான். அவன் இதுவரை என்னிடம் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டு செய்தது அந்த ஒரு முறைதான். என் கையில் சுத்தப் பிரதி இருந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. 'திறக்காதே' என்று ஒரு சொல் போதும் என்பது எனக்குத் தெரியாதா என்ன. கூரியர்காரருக்கு யோசிக்காமலே வாயில் வந்த சொல்தானே அது.

நான் பொய் சொல்லவில்லை ஐயா. அதை மட்டும் தெளிவாகப் பதிவு செய்யுங்கள். கதவைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன், நிதானமாகச் சொன்னேன்: "கதவில் அறிவிப்பு எதுவும் இல்லையே, தம்பி."

"தேங்க்ஸ்ணே" என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்தான்.

நான் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.