அசல் பார்த்துச் சொன்னவள்

பனியன் கம்பெனி டீயில் சர்க்கரை எப்போதும் தூக்கலாகத்தான் இருக்கும், மேடம். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. காலையில் தைக்க உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்துதான் எழுந்திருக்கிறார்கள். நடுவில் டீயும் போண்டாவும். உடம்பு போடாமல் என்ன செய்யும்? எங்கள் பெண்கள் ஏதோ சினிமா ஆசையில் இளைக்கிற மாத்திரை வாங்கினார்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பழைய ஜாக்கெட் பத்தவில்லையே என்கிற சின்ன வருத்தம், அவ்வளவுதான்.

என் பெயர் அமராவதி. வீரபாண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனை விளக்கடியில் விரித்து, ஓட்டை, கறை, விட்ட தையல், கோணல் லேபிள் எல்லாம் பார்த்து, குறை உள்ள இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது வேலை. நான் பாஸ் செய்து அனுப்பிய சரக்கு ஒருபோதும் திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமையாகவே இருக்கட்டும்.

இரண்டாயிரத்து ஆறில், உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு வைத்தியர் உடம்பு இளைக்க மூலிகை கேப்ஸ்யூல் தயாரித்து விற்றார். நல்ல மனுஷர். கம்பெனிப் பெண்களுக்கு அதை நான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் அதே பெட்டியில் போலிச் சரக்கு பஸ் ஸ்டாண்ட் கடைகளுக்கு வந்துவிட்டது. பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். லேபிள் பார்க்கத் தெரிந்தவள் நான்தானே.

அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறதா பாருங்கள். பேட்ச் நம்பர் அச்சடித்ததா, தனியாகக் குத்தியதா பாருங்கள். மூடி ஒட்டிய பசையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பனியனுக்குப் பார்ப்பதைப் போலவேதான். எங்கள் தொழிலில் வெளியே கண்ணுக்குத் தெரிவதுதான் தரம். கேப்ஸ்யூலைப் பிரித்து உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

வேடிக்கை என்னவென்றால், அசல் சாப்பிட்டவர்கள் இளைக்கவில்லை. போலி சாப்பிட்டவர்கள் இளைத்தார்கள். "நீங்க அசலுன்னு குடுத்தீங்க, ஒண்ணுமே ஆகலீங்களேக்கா" என்று காளியாத்தாள் எல்லார் எதிரிலும் கேட்டபோது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போலி போடுகிற ஆளைத் தேடிப் போனேன். மூலிகைத் தூளோடு ஒரு வெள்ளைத் தூளைக் கலப்பதாகச் சொன்னார். பசியே எடுக்காது, தூக்கமும் குறையும். "ரத்தக் கொதிப்பு இருக்கறவங்களுக்கு மட்டும் குடுத்துராதீங்க, நெஞ்சு நின்னு போயிரும்" என்றும் சொன்னார். நேர்மையான ஆள்தான்.

அதன் பிறகு அந்தச் சரக்கை நானே தயாரிக்க ஆரம்பித்தேன். பெட்டி அட்டையை எங்கள் ஊர் ராயபுரத்தில் பனியன் டேக் அடிக்கும் அச்சகத்தில் அடித்தேன். எழுத்து கசியாது, பேட்ச் நம்பர் தனியாகக் குத்தியிருக்கும், பசை சுத்தமாக இருக்கும். நான் சொல்லிக்கொடுத்த சோதனை எதிலும் என் பெட்டி தோற்றதில்லை. பெண்கள் இளைத்தார்கள், சந்தோஷப்பட்டார்கள். தூங்கி வழியாமல் தைக்கிறார்கள் என்று மேனேஜர்கூட மெச்சினார். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சித்ரகலா விஷயத்துக்கு வருகிறேன். அவள் எங்கள் கம்பெனியில் டெய்லர். அவள் கணவர் தங்கதுரை அங்கேயே கட்டிங் மாஸ்டர். பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கு உடம்பு போட்டுவிட்டது. ஒருநாள் டீ நேரத்தில், "எங்கூட்டுக்காரிக்கு ரெண்டு ஸ்டூலாப் போடுங்கப்பா" என்று அவர் விளையாட்டாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு என் செக்கிங் டேபிளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து அழுதாள். எனக்கு மனசு தாங்கவில்லை. அன்றைக்கே ஒரு பெட்டி கொடுத்தேன். பிரசவத்தில் அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியபோது, ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் நான்தான். ஆகவே அது தெரியாமல் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இளைத்தாள். கன்னம் வற்றி, பார்க்க லட்சணமாக இருந்தாள். பிறகு ஒருநாள் பெட்டியோடு வந்தாள்.

"அக்கா, இது டூப்ளிகேட்டுங்களா? செத்த பாத்துச் சொல்லுங்க. நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க்கா, கை வேற நடுங்குது. நிறுத்தீரட்டுங்களா?"

பெட்டியை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் நாலு பக்கமும் பார்த்தேன். அவசரப்படவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று மற்றவர்கள் கேட்பார்கள். எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், அப்புறம் யார் என்னிடம் வருவார்கள்?

"அசல்தான் கண்ணு. கொழுப்புக் கரையறப்ப அப்படித்தான் இருக்கும். தைரியமாச் சாப்பிடு."

"நீங்க சொன்னாச் சரிங்க்கா" என்று போய்விட்டாள்.

அந்த வாரமே மிஷின் மேல் தலை சாய்த்திருந்தாள். ஷிப்மெண்ட் அவசரம், அசதியில் கண்ணயர்ந்திருக்கிறாள் என்று பக்கத்துப் பெண் எழுப்பாமல் விட்டுவிட்டாள். எழுப்பியிருந்தாலும் பயனில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆம்புலன்ஸ் வந்த பரபரப்பில் அவள் பையிலிருந்த என் பெட்டியை எடுத்துவிட்டு, வைத்தியருடைய பெட்டியை வைத்தேன். துக்க வீட்டில் தங்கதுரை அதை என் கையில் கொடுத்து, "இது டூப்ளிகேட்டா இருக்குமுங்களா அக்கா?" என்று கேட்டார். "இல்லீங்க தம்பி, அசல்தான்" என்றேன். அன்றைக்கு நான் சொன்னது உண்மை.

அவள் செத்த பிறகு பெண்கள் பயந்து நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. தங்கள் பெட்டி போலியாக இருக்குமோ என்றுதான் பயந்தார்கள். ஒவ்வொருத்தியாக என் டேபிளுக்கு வந்தார்கள். நானும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அசல் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு என் பெட்டிக்கு மாறியிருந்த காளியாத்தாள் ஒருத்தி மட்டும் டாக்டரிடம் கேப்ஸ்யூலைப் பிரித்துக் காட்டப் போய்த்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். அதற்குள் அவளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நேற்று இந்த ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த எங்கள் கம்பெனிப் பெண், இனி அந்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்று என் காதோரம் கேட்டுவிட்டுப் போகிறாள், மேடம். என்னை உள்ளே வைப்பதால் எதுவும் நிற்கப்போவதில்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை. என் மகள் பிரியங்காவுக்கும் கொஞ்சம் பருத்த உடம்புதான். காலேஜில் கிண்டல் செய்கிறார்கள், எனக்கும் கொடுங்கம்மா என்று தினமும் அழுதாள். பெற்ற மனசு கேட்குமா? உடுமலைப்பேட்டைக்கு நானே பஸ் ஏறிப் போய், வைத்தியர் கையாலேயே அசல் பெட்டி வாங்கிவந்து கொடுத்தேன்.