ஃபெர்ன்லி தெருவைப் பூட்டிய கதை

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, ஏற்ற நிமிடத்திலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மாண்புமிகு மிசஸ் பெல்லமி அவர்களே! எங்கள் தெருவை ஏற்றுக்கொள்ள எழுந்தருளி, எடுத்து வைத்த முதல் அடியையே பள்ளத்தில் வைத்துக் காலுறை நனைந்து அமர்ந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே! பதினொரு வீட்டுப் பெரியோர்களே! கீழே கால்வாய்க் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளோடும் பிஸ்கட் டப்பாக்களோடும் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே! மழை வருமா என்று மேலே பார்த்துக்கொண்டே கேக் தீருமா என்று கீழே பார்க்கும் ஷெஃபீல்டு நகரத்துச் சிங்கங்களே! உங்கள் எல்லாருக்கும் ஏழாம் நம்பர் வீட்டு எட்கர் மார்ஸ்டனின் பணிவான வணக்கம்!

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவனிடம் ஐந்து நிமிடம் என்று சொன்னவர் யாரோ, அவர் என் வகுப்பில் உட்கார்ந்தவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? இப்போது கேட்கிறதா? நல்லது. கேட்காதவரை என் மானம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அன்பார்ந்த நண்பர்களே! இந்தத் தெரு யாருடையது? போன ஜூன் மாதம்வரை இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். எங்களுடையது! இந்தக் கல் எங்கள் கல். இந்த விளக்கு எங்கள் விளக்கு. உறுப்பினர் அவர்களின் காலை நனைத்த அந்தப் பள்ளம்கூட எங்கள் சொந்தப் பள்ளம். கீழ்முனையில் ஓர் இரும்புக் கேட்டு. மேல்முனையில் ஆஸ்பத்திரிச் சாலைக்கு ஏறும் பதினெட்டுப் படிகள். கேட்டுக்குப் பக்கத்தில், 'தனியார் தெரு' என்று ஒரு பலகை. அந்தப் பலகையை யாராவது மதித்தீர்களா? கால்வாய்க் குடியிருப்பில் ஒருவராவது மதித்தீர்களா? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஒரு கையும் காணோம்! பள்ளிக்கூடத்துக்கு இந்த வழி, ஆஸ்பத்திரிக்கு இந்த வழி, நாயை நடத்த இந்த வழி. இதை விட்டால் கிரேன் மேட்டைச் சுற்றிக்கொண்டு நாற்பது நிமிடம். எவர்தான் சுற்றுவார்?

நாங்களும் தடுக்கவில்லை. தடுக்காதது ஏன் என்பதை நம் தலைவர் மிசஸ் பெல்லமி அவர்கள் எங்கள் தெருச் சங்கக் கூட்டம் ஒன்றில் சொன்ன சொற்களிலேயே சொல்கிறேன். "நடந்துட்டுப் போகட்டும், பாவம். ஆனா அது நம்ம பெருந்தன்மையா இருக்கணும். அவங்க உரிமையா ஆயிடக் கூடாது."

பெருந்தன்மை உரிமையாக மாறும் வழி ஒன்று சட்டத்தில் உண்டு. ஒரு தெருவில் இருபது ஆண்டுகள், யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல், ஜனங்கள் நடந்தால் அது பொதுவழி! அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வார்கள்? ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் தெருவை அடைப்பார்கள். அடைத்தோம் என்று எழுதி வைப்பார்கள். எழுதிவிட்டால் அந்த இருபதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். எங்கள் சங்கம் அதற்குத் தேர்ந்தெடுத்த நாள் கிறிஸ்துமஸ். அன்று பஸ் ஓடாது. கடை கிடையாது. பள்ளி கிடையாது. ஊரே வான்கோழியின் முன்னால் உட்கார்ந்திருக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் யாரையும் தடுக்கும் நாள் அது! எங்கள் பெருந்தன்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அந்தக் கேட்டைப் பூட்டும் திருப்பணிக்கு ஒருவர் வேண்டியிருந்தது. ஒழுக்கமானவர், ஒரு வார்த்தை மாறாதவர், உறுதியானவர் என்று தேடித் தேடி, கடைசியில் என்னிடம் வந்தார்கள்.

சிரிக்காதீர்கள்.

மிசஸ் பெல்லமி என் கையில் ஒரு பூட்டைக் கொடுத்தார். அவருடைய மாமனார் காலத்துப் பித்தளைப் பூட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலம். அதற்கு ஒரே சாவி. "எட்கர், இந்தத் தெருவோட மானம் உங்க கையில இருக்கு" என்றார். நான் நிமிர்ந்து நின்றேன். நெஞ்சை நிமிர்த்தினேன். முதல் கிறிஸ்துமஸ் காலை, கையுறையைக் கழற்றாமலே சாவியை எடுத்தேன். தெருவோட மானம் கையிலிருந்து நழுவி, கம்பி வழியாகச் சாக்கடைக்குள் போய்விட்டது.

டொப் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

நீங்கள் கேட்கலாம், "பூட்டை அமுக்கினால் பூட்டிக்கொள்ளுமே, சாவி எதற்கு வாத்தியாரே?" என்று. அமுக்கலாம். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் திறப்பது யார்? வண்டிகள் வெளியே போக அந்தக் கேட்டு ஒன்றுதான் வழி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பதினொரு குடும்பமும் பரிசுப் பொட்டலங்களோடு வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்தால், நான் எந்த முகத்தோடு நிற்பது? ஆகவே சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். பூட்டைக் கொக்கியில் தொங்கவிட்டேன். அமுக்கவில்லை! பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். பூட்டியது போலவே இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்து, 'கேட்டு பூட்டப்பட்டது, அசம்பாவிதம் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆண்டுக் கூட்டத்தில் அதை வாசித்தார்கள். கைதட்டினார்கள். ஒரு கிண்ணம் ஷெரி ஒயின் கொடுத்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? ஷெரியைக் குடித்தேன்.

மூன்றாம் வருஷம். கிறிஸ்துமஸ் காலை ஏழு மணி. முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண். நர்ஸ் உடுப்பு, மேலே கோட்டு, தோளில் பை. தரையெல்லாம் பனி உறைந்து வழுக்குகிறது. அவர் பூட்டைத் தொட்டார். அது கழன்று வந்தது. சங்கிலியை அவிழ்த்தார். உள்ளே வந்தார். வந்தவர் நேரே போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை. திரும்பினார், கையுறையைக் கழற்றினார், சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றினார், பூட்டை நான் தொங்கவிட்டபடியே தொங்கவிட்டார். அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியேறிப் போனார்.

அவர்தான் கால்வாய்க் குடியிருப்பு மொய்ரா ஃபிளின்ட். ஊரே வான்கோழி தின்னும் நாளில், பஸ் இல்லாத நாளில், நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்ட நடந்து போகிறவர். யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நாங்கள் தேர்ந்தெடுத்த நாள், இந்த ஒருத்தர் தலையில்தான் விடிந்திருக்கிறது. பாதி முகம் நுரையும் பாதி முகம் வெட்கமுமாக நான் நின்றேன்.

அடுத்த வருஷம் கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. உடனே என்னைப் புனிதராக்கி விடாதீர்கள்! அதில் முக்கால் பங்கு, புதுப் பூட்டைக் கண்டால் பழைய சாவி எங்கே என்று கேட்பாரே என்று மிசஸ் பெல்லமி மேல் பயம். கால் பங்குதான் மொய்ரா. ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் அவர் போகிற வரைக்கும் ஜன்னலை விட்டு நகர்ந்ததில்லை. அவருக்கு நான் நிற்பது தெரியாது. பூட்டுகிறவன் ஒரு தூங்குமூஞ்சி என்றுதான் நினைத்திருந்தாராம்.

காலம் ஓடியது. இரண்டு வருஷம் முன்பு பத்தாம் நம்பர் வீட்டை மிஸ்டர் ரூபர்ட் ஹேல் வாங்கினார். இல்லை, இன்றைக்கு வரவில்லை. தேட வேண்டாம். அவர் வந்த மாதமே ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆள் உயரத்தில் இரண்டு மடங்கு கேட்டு, எண்ணை அழுத்தினால்தான் திறக்கும். அந்த எண் பதினொரு வீட்டுக்கு மட்டும். "பொதுஜனம் அவங்க வழியைப் பாத்துக்கட்டும், சார்" என்றார். நண்பர்களே, பெருந்தன்மையின் ஆயுள் எவ்வளவு? வீடு கைமாறும் வரைக்கும்தான்!

கால்வாய்க் குடியிருப்பு கொதித்தது. மாநகராட்சி விசாரணை வைத்தது. கேள்வி ஒன்றே ஒன்று. இருபது ஆண்டுகள் தெரு தடையின்றித் திறந்திருந்ததா? ஹேலின் வக்கீல் மேசையில் என்ன வைத்தார்? என் பதிவேடு! இருபது கிறிஸ்துமஸ், இருபது கையெழுத்து. நானும் அவர்கள் பக்கத்து நாற்காலியில், மிசஸ் பெல்லமிக்கு அடுத்து, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயே திறக்கக் கூடாது என்று முடிவு கட்டித்தான் போனேன். ஒப்புக்கொள்கிறேன், பயந்து செத்தேன்.

மொய்ராவைக் கூப்பிட்டார்கள். "ஒரு கிறிஸ்துமஸ் அன்னிக்கும் பூட்டியிருந்ததில்ல. பூட்டியிருந்தா நான் எப்படிப் போயிருப்பேன் கண்ணு, பறந்தா?" என்றார். சபை சிரித்தது. வக்கீல் சிரிக்கவில்லை.

"அம்மா, இது சங்கத்தோட பதிவேடு. கையெழுத்துப் போட்டவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். இதோ உக்காந்திருக்கார். அவர் பொய் சொல்றார்ங்கிறீங்களா?"

மொய்ரா என்னைப் பார்த்தார். "என் தம்பிக்குப் பாடம் எடுத்தவர் அவரு. அவரைப் போய் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனா பூட்டு திறந்துதான் கெடந்துச்சு."

"அப்போ ரெண்டு பேர்ல ஒருத்தர்தான பொய் சொல்லணும்? யாரு, நீங்களா?"

பனியிலும் பதறாத அந்தப் பெண், அந்த ஒரு கேள்விக்கு முகம் சிவந்து, பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தார். தோழர்களே! தாய்மார்களே! இருபது ஆண்டுகள் நான் சொன்ன பொய்க்கு, ஒரு பொய்யும் சொல்லாதவர் தலைகுனிந்து நின்றார். அதை என்னால் தாங்க முடியவில்லை. என் கால் எழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நானும் அதோடு எழுந்தேன்.

விசாரணை அதிகாரி, "என்ன மிஸ்டர் மார்ஸ்டன்?" என்றார்.

"சார், சாவி சாக்கடைல விழுந்துடுச்சு."

"எப்போ? இப்பவா?"

"இருபது வருஷம் ஆச்சு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேற சாவி?"

"கெடையாது."

"பின்ன வருஷா வருஷம் எப்படிப் பூட்டுனீங்க?"

"பூட்டல சார். தொங்கவிட்டேன்."

"இருபது வருஷமுமா?"

"இந்த அம்மா சொன்னது அத்தனையும் சத்தியம். பொய் எழுதினது நான்."

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஃபெர்ன்லி தெரு பொதுவழி என்று தீர்ப்பு வந்தது. பொதுவழி ஆன பிறகு பள்ளம் மட்டும் எங்களுக்கு எதற்கு என்று, பத்து வீட்டார் கூடித் தெருவையே மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹேல் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அன்றிலிருந்து மூன்று மாதமாக மிசஸ் பெல்லமி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரெதிர் வீடு. பால் எடுக்க ஒரே நேரத்தில் கதவைத் திறக்கிறோம். அவர் பாலை மட்டும் பார்க்கிறார். ஆகவே தலைவர் அவர்களே, ஊர் முன்னால் சொல்கிறேன். நீங்கள் நம்பிக் கொடுத்தீர்கள். நான் தொலைத்தேன். தொலைத்ததைவிட, தொலைத்ததை உங்களிடம் மறைத்ததுதான் பெரிய குற்றம். என்னை மன்னிக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் நல்லவர், அம்மா. ஒருவரையும் நீங்கள் விரட்டியதில்லை. ஆனால் நல்லவர் ஒருவர் பூட்டை அமுக்கினாரா, இல்லையா என்று பார்த்துப் பார்த்து ஒரு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமா? உங்களுக்குப் பின் ஹேல், ஹேலுக்குப் பின் இன்னொருவர் என்று ஒவ்வொருவர் மனமும் பார்த்து நடக்க வேண்டுமா? வேண்டாம்! இனி இந்தத் தெருவில் நடக்க யார் தயவும் வேண்டாம். என் பயம் வேண்டாம், உங்கள் பெருந்தன்மை வேண்டாம், கால் இருந்தால் போதும்! கால் இல்லாதவருக்குச் சக்கர நாற்காலி போதும்! ராஜா வந்தாலும் இதே கல், ரொட்டிக்காரர் வந்தாலும் இதே கல்! அதற்குப் பெயர்தான் தெரு!

கைதட்டலுக்கு நன்றி. இப்போது மாநகராட்சியின் பெயர்ப்பலகையைத் திறந்துவைக்க, அதோ கீழ்முனையில் உடுப்போடு வந்து நிற்கும் மொய்ரா ஃபிளின்ட் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்! வாருங்கள் அம்மா! ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்?

என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கள்!

"எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி கண்ணு! செவுத்துக்குச் செவுரு மேசையைப் போட்டு வெச்சிருக்கீங்க. நான் எப்படிப் போறது?"

அடக் கடவுளே. இருபது ஆண்டுகளில் என்னால் அடைக்க முடியாத தெருவை, நாம் எல்லாரும் சேர்ந்து ஒரே மத்தியானத்தில் கேக்கை வைத்து அடைத்துவிட்டோம்! தூக்குங்கள்! தேநீர்ப் பாத்திரத்தை எடுங்கள்! உறுப்பினர் அவர்களே, ஜெல்லி ஜாக்கிரதை! பலகையை யார் திறந்தாலும் சரி, முதலில் அவருக்கு வழி விடுங்கள்! அந்தப் பெரிய மேசைக்கு ஆள் பற்றவில்லை, யாராவது...

மிசஸ் பெல்லமி! நீங்கள் ஏன் இறங்கி... என்ன சொன்னீர்கள்?

"எட்கர், பேசுனது போதும். வந்து அந்த மூலையைப் பிடிங்க."

சபையோரே! பேசிவிட்டார்! இந்த மைக்கை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டு கையும் வேண்டும். பொறுமையாகக் கேட்ட எல்லாருக்கும் நன்றி, வணக்கம்! இதோ வந்துவிட்டேன் அம்மா, பிடித்துவிட்டேன், தூக்குங்கள்!