ஆடி மாசத்துத் திருத்தம்

மேலூர் பேருந்தில் என் முன் இருக்கையில் மென்பொருள் வேலை பார்க்கும் இருவர் இருந்தார்கள். அவர்களுடைய முதலாளி வரவில்லை. மேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. கடைக்காரர் மசியாவிட்டால் மூத்தவருக்கு வேலை போய்விடும்.

“ஆடியில புது வெர்ஷன் விடக்கூடாதுன்னு சொன்னது நம்ம முதலாளிதானண்ணே?” என்றான் இளையவன்.

“ஆமா மாப்ள. சாஃப்ட்வேருக்கு அடியில ஓடுற ஃபிரேம்வொர்க் புதுசா வந்துருச்சு, பில் போடுற நம்ம புரோகிராம அதுக்குத் தோதா மாத்தி வச்சிருக்கேன், விடுவோம்னேன். ஆவணி பொறக்கட்டும்னாரு.”

“அப்பறம் எப்படி விட்டீக?”

“புதுசுன்னாத்தானே ஆகாது? பழைய வெர்ஷனுக்குச் சின்னத் திருத்தம்னு பேரு போட்டேன். அவரும் சந்தோசமா சரின்னுட்டாரு.”

“திருத்தம்னா எல்லாக் கடைக் கம்ப்யூட்டர்லயும் கேக்காமலே தானா ஏறிக்கிருமேண்ணே!”

“ஏறுச்சு. இந்தக் கடையில இன்னும் பழைய ஃபிரேம்வொர்க், புதுசு அதுல ஓடல. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துல பில் போட முடியாம வியாபாரமே நின்னுபோச்சு.”

“முதலாளி என்ன சொன்னாரு?”

“ஆடியில ஆரம்பிச்சா இப்பிடித்தான்னாரு.”

மேலூர் நிலையத்தில் பேருந்து நின்றதும் மூத்தவருக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. “சரிங்கண்ணே, சரிங்கண்ணே” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

“வேலை தப்பிச்சது மாப்ள. கடைக்காரரு மசிஞ்சுட்டாராம், அவரு நட்டத்தக் கட்டுனாப் போதுமாம், என் சம்பளத்துல.”

“எம்புட்டுண்ணே?”

“நாப்பத்திரண்டாயிரம்.”