மீன்குஞ்சுக்கு வரவேற்புரை

உரும்பிராயில் பேருந்து ஏறி மகளை மடியில் இருத்தினேன். முன் இருக்கையில் இருந்த இருவரும் குளத்தில் மீன் வளர்க்கும் கழகமொன்றின் சட்டை அணிந்திருந்தார்கள். இளையவர் கொதித்துக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்பது சரியா என்று தெரியாமலே அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மீன்குஞ்சுக்கு என்னத்துக்கு அண்ணை வரவேற்புரை?”

“பிரதம விருந்தினரைக் கூப்பிட்டுப்போட்டுப் பேச விடாமல் இருக்கேலுமே?” என்றார் மூத்தவர். அவர்தான் தலைவராம்.

“அவர் வருமட்டும் குஞ்சுப் பையளை வெயிலுக்கை வச்சியள். பையை முதல் குளத்திலை மிதக்கவிட்டுக் குஞ்சுகளுக்குத் தண்ணியைப் பழக்கோணும் எண்டு சொன்னனான். படமெடுக்கவெண்டு உடனை கொட்டுவிச்சியள். விடியப் பாத்தால் எல்லாம் செத்து மிதக்குதுகள்.”

“படம் நல்லா வந்திருக்குத் தம்பி.”

“ஓம், அதிலை மட்டும் உயிரோடை நிக்குதுகள். நாளைக்குத் திரும்பக் குஞ்சு எடுத்து வாறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

தலைவர் மடியில் இருந்த பையைத் திறந்து பார்த்தார்.

“ஒரு பொன்னாடை மிச்சம் கிடக்குதே, தம்பி.”