சோக்கில் மாட்டிய பை

மெழுகுவத்தியைக் கொஞ்சம் நடுவில் தள்ளுங்கள். சிரிக்கிறவர்கள் கதவுப் பக்கம் போய் உட்காரலாம். இது என் நண்பனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? அப்போது மணி பகல் பன்னிரண்டரை. ஈ காக்கை இல்லாத சாலை.

சித்தப்பா கார் மெக்கானிக். சித்தி ஓட்டிய பழைய காரை இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்று ஓட்டிக்கொண்டு போனார். சித்தி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கரி... ஈரம்... குப்பென்று பெட்ரோல் வாடை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் விடுகிற சோக்கை, எஞ்சின் சூடான பிறகும் இழுத்தே வைத்திருந்தால்தான் அப்படி ஆகும். உள்ளே எட்டிப் பார்த்தார். சோக் குமிழ் வெளியே வந்திருந்தது.

சித்திக்கு அந்தக் குமிழ்தான் ஆணி. கைப்பையை அதில்தான் மாட்டுவாள். பையின் கனத்தில் குமிழ் இழுபடும், வண்டி நடுவழியில் நிற்கும்.

"எத்தனை தடவை சொல்றது? இனி சாவியைத் தொடாதே" என்று ஒருநாள் பிடுங்கிக்கொண்டார்.

"சரிங்க, நடந்தே போறேன்" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவள்தான். இதே சாலையில் லாரி அடித்தது. பை மட்டும் கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பியது.

குமிழை உள்ளே தள்ளி, பிளக்கைத் துடைத்துப் போட்டு வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம்தான். கிர்ர்... கண்ணெதிரே குமிழ் மெல்ல வெளியே வந்தது.

சோக் கம்பி தளர்ந்திருக்கும், பேயாவது பிசாசாவது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வெட்டிவிட்டால் தீர்ந்தது, ஐந்து நிமிட வேலை. கம்பியில் கட்டிங் பிளேயரை வைத்தார். அழுத்தக் கை வரவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதார்.

"மாட்டிக்கடி. இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி பிளக்கைத் துடைத்தார்.

இன்றுவரை அதை அவர் சரிசெய்யவில்லை. கிளம்பும்போது அவரே அவள் பையைக் குமிழில் மாட்டிவிடுகிறார். போய் இறங்கும்போது பார்த்தால்... குமிழ் உள்ளே இருக்கும். பை பக்கத்து சீட்டில் இருக்கும். அவர் திட்டுவார் என்ற பயம் பாவம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

பையின் கைப்பிடி மட்டும் வேர்வையில் ஈரமாக இருக்குமாம்.