செவ்வாய்க்கிழமை றெஸ்லிங்

றெஸ்லிங் பொய்யெண்டு எங்களுக்கு முதல் கிழமையே தெரியும், பிள்ளை. பொய்யெண்டு தெரிஞ்சுதான் முப்பது வருசத்துக்கு மேல பாத்தனாங்கள். உதை முதல்ல எழுதுங்கோ. பிறகு எங்களை விசரர் எண்டு ஆரும் நினைக்கப்படாது.

நானும் தம்பி கிளிபோட்டும் ஊரை விட்டு இந்தச் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்து சேர்ந்த வருசம்தான் அந்த நிகழ்ச்சியும் தொடங்கினது. திங்கட்கிழமைதான் டிவியில போகும். எங்களுக்குத் தூரத்தில, பிறம்ரனில ஒரு பக்டரியில நைற் வேலை. அதால கசற்றில பதிஞ்சு வைச்சு, செவ்வாய் காலமை வந்து ரெண்டுபேரும் பாப்பம். அதுக்குள்ள ஆர் வெண்டதெண்டு ஆரும் வாய் திறக்கக் கூடாது. வேலையில ஒருத்தன் சொல்லிப்போட்டான் எண்டு கிளிபோட் அவனோட ஒரு மாதம் கதைக்கேல்லை. இடையில நிப்பாட்டக் கூடாதெண்டதும் அவன் போட்ட சட்டம்தான். ரெலிபோன் அடிச்சா அடிக்கட்டும்.

பழைய வீரர் கிழடாகி அவையின்ரை பெடியள் மேடைக்கு வந்தினம். கெட்டவன் நல்லவனாகி, திரும்பவும் கெட்டவனானான். கசற் போய்ப் பதியிற கேபிள் பெட்டி வந்தது, இப்ப இன்ரநெற். நான் கலியாணம் கட்டேல்லை. அவன் பேர்ணடெற்றைக் கட்டி, அந்தக் கிழமைச் செவ்வாயும் வந்தான். மகள் ஜெசிகா பிறந்த கிழமையும் வந்தான். பென்சன் எடுத்த பிறகும் வந்தான்.

போன செவ்வாய் நிகழ்ச்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில சொன்னான்: "அண்ணை, ஜெசிகா பிறம்ரனில வீடு வாங்கிட்டாள். நாங்களும் அவளோட போறம். இனி வரமாட்டன்."

முக்கால் மணித்தியால ஓட்டம்தானேடா எண்டன்.

"உண்மையைச் சொன்னா, உது எனக்கு அலுத்துப் பத்து வருசம். நீங்கள் தனிய இருப்பியள் எண்டுதான் வந்தனான்."

பத்து வருசமா எனக்குப் பக்கத்தில இருந்து கைதட்டினவன், பிள்ளை. நான் டிவியையே பாத்துக்கொண்டிருந்தன்.

அவனுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போட்டிட்டுச் சாப்பிடாமல் வந்தா சீனி இறங்கி, வேர்த்து, நடுங்கி, மயங்கிப்போவான். முந்தி நாலுதரம் நான்தான் ஒரேஞ் யூஸ் பருக்கி எழுப்பினனான். அவனுக்கெண்டே வாங்கி பிறிஜ் கதவுக்குள்ள வைக்கிறது. அண்டைக்கும் யூஸ் இருந்தது. நான் பொய் சொல்லமாட்டன்.

அண்டைக்கும் அவன் சாப்பிடாமல்தான் வந்தவன், வேர்க்கத் தொடங்கிச்சுது. "அண்ணை, யூஸ்" எண்டான். பிறகும் ஒருக்கா எண்டான். நான் சத்தத்தைக் கூட்டினன்.

அப்பிடியே சோபாவில சரிஞ்சான். மூச்சு குறட்டை மாதிரிக் கேட்டது. எங்கயும் போகாமல் எனக்குப் பக்கத்திலேயே கிடந்தான், எனக்கு அது ஆறுதலா இருந்தது. போர்வை எடுத்துப் போத்திவிட்டன். கடைசிச் சண்டை முடிய அம்புலன்சுக்கு அடிச்சன். அவை வரேக்க அவன்ரை கை குளிர்ந்துபோச்சு. அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு நான் குழறி அழுதது பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும், கேட்டுப்பாருங்கோ.

கொலையெண்டு பொலிஸ் றிப்போட்டில எழுதிறதெண்டா எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன். ஆனா இதையும் சேர்த்து எழுதுங்கோ. தொடக்கத்தில அந்த நிகழ்ச்சி ஒரு மணித்தியாலம்தான். பிறகு ரெண்டாக்கினாங்கள், அதுவும் காணாதெண்டு மூண்டாக்கினாங்கள். பழையபடி ஒரு மணித்தியாலமா விட்டிருந்தா என்ரை தம்பி இண்டைக்கு உயிரோட இருந்திருப்பான்.