கட்டைவிரல் அளவு

எண்ணூர் பக்கம் போகும் மின்சார ரயிலில், ராயபுரத்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தாள்.

"இந்த ஆப் செஞ்சவரு ஜென்மத்துல மீனத் தொட்டவரு இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்."

"இன்னாக்கா ஆச்சு?"

"எங்க மீன் கடைக்கு ஆர்டர் வர்ற ஆப். மீன வெட்டி முட்சா 'முடிந்தது'ன்னு அமுக்கணும். பக்கத்துலயே 'ரத்து'. ரெண்டும் எள்ளு சைஸு, ஒரே கலரு. ஈரக் கையோட அமுக்குனா ரத்தாயிடுது. வெட்டுன வஞ்சிரத்த யாரு தலயில கட்றது?"

"அப்பால?"

"அவரே கடைக்கு வந்தாரு. 'நீங்கதாம்மா பழகிக்கணும்'ன்றாரு. வா நைனான்னு அவரு கையத் தண்ணியில முக்கி, செதில தடவி, இப்ப அமுக்குன்னேன். மூணு வாட்டியும் ரத்து!"

இளையவள் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"இப்போ பாரு. 'முடிந்தது' கீழ, பச்சையா, பெருசா கீது. 'ரத்து' மேல போய்ட்சு, அமுக்கிப் புட்சிகினே இருந்தாதான் வேல செய்யும். எந்த ஆப்பு வந்தாலும் நான் மொதல்ல பாக்குறது, தப்பா அமுக்குனா திரும்பி வர வழி கீதான்னுதான். அழகெல்லாம் அப்பால."

"அதுல உம் பேரு போட்டாராக்கா?"

"பேரு இன்னாத்துக்கு?"

மூத்தவள் போனை மடியில் கிடத்தி, தன் கட்டைவிரலைத் திரையில் படாமல் அந்தப் பட்டனுக்கு மேலே பிடித்தாள்.

"அளவு யாருதுன்னு பாரு."

பச்சை துளிகூட வெளியே தெரியவில்லை.